பூனைவணங்கிக் கிடா

என் வீட்டுக்காரர் சூரமங்கலத்தில் லாரித் தார்ப்பாய் கடை வைத்திருக்கிறார். பாய் கடை என்றால் எந்தப் பாய் கடை என்று கேட்பார்கள் என்பதால், ஜங்ஷன் பக்கம் அவருக்குத் தார்ப்பாய் பாய் என்று பெயர். நல்ல மனிதர் என்பார்கள். அதற்கு மேல் அவரைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. கடைக்கு வரும் டிரைவர்கள் அளவை அவரிடம் சொல்லிவிட்டு, உள்ளே மிஷினில் தைத்துக்கொண்டிருப்பவரிடம் போய் இன்னொரு முறை சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். அவர் அதைக் கவனிக்காத மாதிரி கயிறு சுற்றிக்கொண்டிருப்பார்.

ஒரு வருஷம், ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கிடாயை முன்கூட்டியே வாங்கிக் கட்டிவிட வேண்டும் என்று அவருக்கு யோசனை வந்தது. பெருநாள் நெருங்கினால் நல்லதையெல்லாம் மற்றவர்கள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களாம், நமக்கு மிஞ்சுவது நோஞ்சானாகத்தான் இருக்குமாம். அதனால் கோடை ஆரம்பிக்கும்போதே சந்தைக்குப் போய் ஒரு சேலம் கருப்புக் கிடாயை ஓட்டிக்கொண்டு வந்தார். உயரமான கிடா. காது இலை மாதிரி பக்கவாட்டில் தொங்கும். பின்கட்டில் முருங்கை மரத்தில் கட்டினோம்.

வந்த வாரமே அது சுவரில் கழுத்தைத் தேய்க்க ஆரம்பித்தது. தேய்த்த இடத்தில் சுவரின் வெள்ளை போயிற்று. கிடாயின் முடியும் போயிற்று. நான் கிட்டே போய்ப் பார்த்தேன். கழுத்தோரமும் காதின் அடியிலும் தோல் தடித்துச் சொரசொரவென்று இருந்தது. சொறி.

பெருநாளில் அறுத்துக் குர்பானி கொடுக்கிற பிராணிக்குக் குறை எதுவும் இருக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாவது வேளை சாப்பிட்டுவிட்டு, கிடாயை லோடு ஆட்டோவில் ஏற்றி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். டாக்டரம்மா கழுத்தை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

“ஊசி போட்டா சீக்கிரம் சரியாயிடுங்க. ஆனா மருந்து உடம்புல இருக்கற வரைக்கும் கறியைச் சாப்பிடக் கூடாது. எதுக்கு வளர்க்கறீங்க?”

“பெருநாளுக்குங்க.”

“அப்போ இப்போதைக்கு ஊசி வேண்டாம். ஆரம்பந்தான். குப்பைமேனி இலையை மஞ்சளும் கல் உப்பும் வெச்சு அரைச்சுத் தடவுங்க. ஒரு மணி நேரம் காய விட்டுக் குளிப்பாட்டிடுங்க. கேக்கலைன்னா வாங்க, பார்க்கலாம்.”

குப்பைமேனி எல்லோருக்கும் தெரிந்த செடிதான். வேலி ஓரம், சாக்கடை ஓரம், ரயில்வே காம்பவுண்டு ஓரம் என்று யாரும் விதைக்காமலே முளைத்துக் கிடக்கும். வேண்டாத நாளில் காலில் மிதிபடும். வேண்டிய நாளில் சூரமங்கலம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. வெயிலில் எல்லாம் கருகிப்போயிருந்தது. ஒரே ஒரு செடி தபால் பெட்டிக்கு அடியில் நின்றது. அதையும் ஒரு நாய் அசிங்கம் செய்திருந்தது.

அவருக்குப் பரமத்தி வேலூரில் ஒரு சிநேகிதர் உண்டு. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற கவுண்டர். பழைய தார்ப்பாய் வாங்க வந்து பழக்கமானவர். அவரிடம் போனில் சொன்னதும் வந்த பதில் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“ஏனுங்க பாய், குப்பமேனிக்கா இப்படி அலையறீங்க? எங்க வேலியோரம் வாய்க்காத் தண்ணிக்கு முழங்கா ஒசரம் நிக்குதுங்க. வந்து அள்ளிட்டுப் போங்க.”

“அது கேக்குங்களா?”

“கேக்காம என்னங்க. மாட்டுக்குக் கொளம்புல புண்ணு வந்தா, இதோட பூண்டும் மஞ்சளும் வேப்பலையும் போட்டு நல்லெண்ணெயில காச்சித்தான் ஊத்தறோம். கோழிக்கு அம்ம போட்டா இதை அரச்சுத்தான் தடவறோம். நாய்ச் சொறிக்கும் இதேதானுங்க.”

“எல்லாத்துக்கும் இதேதானா?”

“தோலு இருக்கற எல்லாத்துக்குமுங்க. கொழுந்தா பாத்துக் கிள்ளிக்கங்க, போதும்.”

இலை என்று டாக்டரம்மாவும் கொழுந்து என்று கவுண்டரும் சொன்னதை நான் காதால் கேட்டேன். என் வீட்டுக்காரரும் கேட்டார். ஆனால் அவர் மொத்த வியாபாரி. பஸ் ஏறிப் பரமத்தி வேலூர் போய், சாயங்காலம் திரும்பி வரும்போது தோளில் ஒரு சாக்கு இருந்தது. திறந்து பார்த்தால் செடி முழுசாக, வேரும் மண்ணுமாக இருந்தது. கவுண்டர் வீட்டு வேலியையே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார்.

“கொழுந்துதானே சொன்னாங்க?”

“இலையிலயே இவ்வளவு சத்துன்னா, வேர்ல எவ்வளவு இருக்கும்? அதைத் தூக்கிப் போடவா அவ்வளவு தூரம் போனேன்?”

சாப்பிடும்போது சொன்னார். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறும்போது சாக்கைக் கீழே வைத்துவிட்டு டீ குடித்தாராம். ஒரு பூனை வந்து சாக்கின் மேல் படுத்துக்கொண்டதாம். கண்டக்டர் விரட்டியும் போகவில்லையாம். பூனைக்கும் வெயில் தாங்கவில்லை போல என்று நான் சொன்னேன். அவரும் ஆமாம் என்றார்.

மிக்சியில் அரைக்க நான் விடவில்லை. பின்கட்டில் பழைய ஆட்டுக்கல் ஒன்று கிடந்தது. ஆட்டுக்கு ஆட்டுக்கல் தானே என்று சொல்லிக்கொண்டு அதைக் கழுவி, வேர், தண்டு, இலை எல்லாவற்றையும் போட்டு அரைத்தார். மஞ்சளும் உப்பும் சேர்ந்ததும் பச்சைச் சாணி மாதிரி வந்தது. தடிப்பு இருந்த இடத்தில் தடவினார். மீந்து போனதால் இல்லாத இடத்திலும் தடவினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் கருப்புக் கிடா பச்சைக் கிடா ஆகிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்துக் குளிப்பாட்டணும் என்று ஞாபகப்படுத்தினேன். “ஊறட்டும், நல்லா இறங்கும்” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

காலையில் பின்கதவைத் திறந்தபோது முற்றம் முழுக்கப் பூனைகள்.

எங்கள் தெருவில் இத்தனை பூனை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். கிடாயைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருந்தன. சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒவ்வொன்றும் முன்காலை மடக்கி, தலையைத் தாழ்த்தி, கன்னத்தைத் தரையில் வைத்துத் தேய்த்தது. பிறகு நிமிர்ந்து கிடாயைப் பார்த்தது. பிறகு மறுபடி தாழ்த்தியது. கிடா நடுவில் பச்சையாக நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ரயில்வே அக்கா குடியிருந்தார். ரயில்வே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய வெள்ளைப் பூனை பொங்கலுக்கு முன்னால் காணாமல் போயிருந்தது. அதற்காகத் தெருவில் ஒவ்வொரு கம்பத்திலும் படம் ஒட்டியிருந்தார். அன்றைக்கு மதிலுக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

“கண்ணு, அங்க பாரு. கும்பிடுதுக.”

“இல்லைங்கக்கா, ஏதோ வாசனைக்கு...”

“எம் பூனையும் கும்பிடுது பாரு.”

உண்மைதான். வெள்ளைப் பூனை முதல் வரிசையில் இருந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு போனை எடுத்து வீடியோ பிடித்தார். அவர் சுற்றி வந்து எங்கள் கதவைத் தட்டுவதற்குள் அது தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போய்விட்டது.

குரூப்பில் யாரோ ஒருவர், பச்சிலை விவரம் தெரிந்தவர் போல, அதற்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை போட்டிருந்தார்: பூனைவணங்கி. அது குப்பைமேனிக்கு இன்னொரு பெயர். நடந்தது என்ன என்பதை அந்த ஒரு வார்த்தையே சொல்லிவிட்டது. ஆனால் படித்தவர்கள் எல்லோரும் அதைக் கிடாயின் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் வாசலில் ஒரு குடும்பம் வந்து நின்றது.

“பூனைவணங்கிக் கிடா ஊடு இதுங்களா?”

மறுநாள் இன்னும் சிலர் வந்தார்கள். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பெண்ணை ஒரு அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். கிடாயை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகிறோம் என்றார். பார்த்தார்கள். கிடாயும் அந்தப் பெண்ணைப் பார்த்தது. நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்து வாழைப்பழச் சீப்பு வந்தது. தோலோடு தின்றது கிடா. திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து ஒரு போர்வெல் ரிக் முதலாளி காரில் வந்தார். எங்கே துளை போட்டாலும் புழுதிதான் வருகிறது, கிடா எந்தத் திசையைக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும் என்றார்.

“அது திசை எல்லாம் காட்டாதுங்க” என்றேன்.

“நீங்க இருங்க. அது எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாத்துக்கறனுங்க.”

கிடா வடக்கே பார்த்து நின்றது. அந்தப் பக்கம்தான் புளியந்தழை போட்டிருந்தோம். அவர் போனில் திசைகாட்டியைத் திறந்து சரிபார்த்துக்கொண்டு கிளம்பினார். தண்ணீர் வந்ததா என்று தெரியவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பார்.

இதற்கெல்லாம் நடுவில் என் வீட்டுக்காரர் தினமும் காலையில் புதிதாக அரைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அரைக்கும்போது செருப்பிலும் வேர்ச் சாறு படும். அந்தச் செருப்போடு கடைக்குப் போவார். போகிற வழியில் டீக்கடைப் பூனை ஒன்று அவர் காலடியில் விழுந்து புரண்டதாம். கடை வாசலில் கழற்றிவிட்ட செருப்பின் மேல் இன்னொன்று தலையை வைத்துப் படுத்ததாம். இதைப் பார்த்த டிரைவர்கள் அன்றைக்கு அளவை அவரிடம் ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

அவர் நடையே மாறிவிட்டது. பேச்சைக் குறைத்துக்கொண்டார். தார்ப்பாய் வாங்கிக்கொண்டு போகிறவர்களிடம் “எல்லாம் நல்லபடியா நடக்கும்” என்று சொல்லி அனுப்ப ஆரம்பித்தார். ஒரு டிரைவர் புது லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஏதாவது சொல்லுங்க பாய் என்று கேட்டாராம். இவர் டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காற்று கம்மியாக இருக்கிறது என்றாராம். நிஜமாகவே கம்மியாக இருந்ததாம். அது ஒரு பெரிய கதையாக ஜங்ஷன் வரைக்கும் போயிற்று.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் சாக்கிலிருந்த செடிகளைக் கொட்டி, இலையைத் தனியாகக் கிள்ளி ஒரு பக்கம் வைத்தேன். வேரை அறுத்து இன்னொரு பக்கம் போட்டேன். முற்றத்தில் படுத்திருந்த பூனைகள் எழுந்து வந்தன. இலைக் குவியலைத் தாண்டிப் போய் வேரின் மேல் விழுந்தன. கடித்தன, நக்கின, மல்லாந்து புரண்டன. ஒரு கிழட்டுக் கடுவன் பூனை, தெருவில் யாரைப் பார்த்தாலும் சீறுவது, வேரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாயில் எச்சில் ஒழுகக் கிடந்தது. இலைப் பக்கம் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் வந்ததும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“அப்போ கிடாகிட்ட ஒண்ணுமில்லையா?”

“ஒண்ணுமில்லைங்க.”

“செருப்பும் இதனாலதானா?”

“இதனாலதான்.”

முகம் வாடிப்போயிற்று. பாவமாக இருந்தது. ஆனாலும் விஷயத்தை வெளியே சொல்லாமல் இருக்க முடியாது. அன்றைக்கே மதில் அருகே போய் ரயில்வே அக்காவிடம் சொன்னேன். வேரைக் கொடுத்து, பூனை முன்னால் போட்டுப் பாருங்கள் என்றேன். போட்டார். வெள்ளைப் பூனை வேரின் முன்னால் தலையைத் தாழ்த்தியது.

“சரி கண்ணு, வேர்தான். அந்த வேர் வேற யார் ஊட்டுக்கும் போகாம உங்கூட்டுக்கு ஏன் வந்துச்சு?”

“கிடாய்க்குச் சொறிங்கக்கா.”

“கிடாய்க்கு ஏன் சொறி வந்துச்சு?”

அவர் வெற்றியோடு உள்ளே போனார். குரூப்பிலும் போட்டுப் பார்த்தேன். வேரின் படத்தோடு நாலு வரி எழுதினேன். கீழே எல்லோரும் கும்பிடு போட்டிருந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் பின்கட்டுக்குப் போனால், முருங்கை மரத்தடியில் ஒரு தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. யார் ஏற்றியது என்று தெரியவில்லை. கிடாயின் கழுத்தில் மல்லிகைச் சரம் இருந்தது. பாதியைத் தின்றிருந்தது. சேதி பள்ளிவாசலுக்கு எட்டிவிட்டது. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அதை நடத்துகிற ஹஜ்ரத்தே நேரில் வந்தார். வயதானவர், அதிர்ந்து பேச மாட்டார். பூனைகளுக்கு நடுவில் பாதை பார்த்துக் கால் வைத்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பூனைக்குட்டி அவர் மடியில் ஏறிக்கொண்டது. அதைத் தடவிக்கொண்டே பேசினார்.

“இது குர்பானிக்கு வாங்கினதுதானே பாய்?”

“ஆமா ஹஜ்ரத்.”

“பழம் கொண்டாராங்கன்னாங்க.”

“நான் கேக்கலை ஹஜ்ரத். அவங்களா கொண்டாராங்க.”

“அது யார் தின்னது?”

“கிடா தின்னுச்சு. கொஞ்சம் நாங்களும்.”

ஹஜ்ரத் தலையை ஆட்டினார். நான் வேர், இலை எல்லாவற்றையும் கொண்டுவந்து காட்டி விளக்கினேன். முழுசாகக் கேட்டுக்கொண்ட முதல் மனிதர் அவர்தான். கேட்டுவிட்டு, “வேரை நிறுத்திட்டு இலையை மட்டும் தேயுங்க. பூனை போகற வரைக்கும் கிடாயை மூடி வைங்க” என்றார். எவ்வளவு நேரான யோசனை. ஆனால் மூடுவது என்ற சொல்லைத் தார்ப்பாய் வியாபாரியிடம் சொல்லியிருக்கக் கூடாது.

ஒரு நாள் முழுக்க அவர் கடையில் உட்கார்ந்து கிடாய்க்கு ஒரு தார்ப்பாய்ச் சட்டை தைத்தார். நீலக் கலர். முதுகை மூடி வயிற்றுக்குக் கீழே கயிறு கட்டுகிற மாதிரி. லாரிக்குப் போடுவது போலவே ஓரத்தில் பித்தளை வளையம், வளையத்தில் கயிறு, கயிற்றில் இரும்புக் கொக்கி. சொறி இருந்த தோலில் காற்றுப் படாமல் போகுமே என்று கேட்டேன். அதற்காகத் துளை போட்டிருக்கிறேன் என்று காட்டினார். கிடாயைக் குளிப்பாட்டிச் சட்டையை மாட்டியபோது, லோடு ஏற்றிப் புறப்படத் தயாரான லாரி மாதிரி நின்றது. ரயில்வே அக்கா அதையும் வீடியோ எடுத்தார்.

குளிப்பாட்டியும் பழைய சாறு காது மடிப்பில் ஒட்டியிருந்தது போல. சட்டைக்குள் புக வழி தேடிச் சுற்றிய பூனைகள், வழி கிடைக்காமல் மேலே ஏறின. வெள்ளைப் பூனை முதுகில் தாவி, தார்ப்பாயில் வழுக்கி, வழுக்கின வேகத்தில் கிடாயின் இடது காதைக் கவ்விக்கொண்டு தொங்கியது. அத்தனை நாளும் ஞானி மாதிரி நின்றிருந்த கிடா அன்றைக்குத்தான் ஆடாக மாறியது. நின்ற இடத்திலிருந்து ஆள் உயரம் குதித்தது. கயிற்றிலிருந்த கொக்கி காதில் மாட்டியது. தலையை உதறியது. சரக்கென்று சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பிடித்தோம். ரத்தம் அதிகமில்லை. ஆனால் காதின் நுனி இல்லை. கீழே தேடினோம், சட்டைக்குள் தேடினோம். வெள்ளைப் பூனை மதில் மேல் உட்கார்ந்து வாயை நக்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் தேடவில்லை.

நான் குப்பைமேனி இலையை மட்டும் கசக்கி, மஞ்சள் வைத்து அரைத்துக் காயத்தில் அப்பினேன். அவர் முருங்கை மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். குறை இருக்கக் கூடாது என்றுதான் இத்தனையும் செய்தார். சொறி ஏறக்குறைய மறைந்து புது முடி முளைத்துக்கொண்டிருந்தது. இப்போது காது போய்விட்டது.

மறுபடி ஹஜ்ரத்தை அழைத்தோம். காதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் குர்பானிக்கு ஆகாது, அதற்குக் குறைவாக இருந்தால் கொடுக்கலாம் என்றார். அளந்து பார்த்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் டேப்பை எடுத்து வந்தார். லாரி நீளத்துக்குத் தார்ப்பாய் அளக்கிற மனிதருக்கு ஒரு காதை அளக்க முடியவில்லை. டேப்பை வைத்தால் கிடா காதை மடக்கியது. விட்டால் விரித்தது. நான் கொம்பைப் பிடித்தேன். ரயில்வே அக்கா தாடையைப் பிடித்தார். வலது காதை அளந்து, அதிலிருந்து இடது காதைக் கழித்தார்கள். பார்த்தால் கோட்டின் மேல் வந்து நின்றது. கொஞ்சம் அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா என்று சொல்ல முடியவில்லை.

“ரெண்டு காதும் சமமா இருந்துச்சுன்னு என்ன நிச்சயம்?” என்றார் ரயில்வே அக்கா. “எங்கூட்டுக்காரருக்கு ஒரு காது பெருசு.”

ஹஜ்ரத் யோசித்தார். நியாயமான கேள்விதான் என்றார். அக்கா போனைத் திறந்து முதல் நாள் வீடியோவை ஓட்டினார். பூனைகள் தலையைத் தாழ்த்துகிற இடத்தில் நிறுத்தி, கிடாயின் தலையைப் பெரிதாக்கினார். நாங்கள் எல்லோரும் குனிந்து, போன் திரையின் மேல் டேப்பை வைத்து, கிடாயின் காதுகளை அளந்தோம். இடது காது கொஞ்சம் நீளம் போலத் தெரிந்தது. அல்லது கிடா அப்போது தலையைச் சாய்த்திருக்கலாம். பச்சையாக வேறு இருந்தது.

ஹஜ்ரத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“சந்தேகம் வந்துருச்சு பாய். சந்தேகத்தை விட்டுடறது நல்லது. வேற பாருங்க.”

பெருநாளுக்கு அதிக நாள் இல்லை. அவர் பயந்தது போலவே சந்தையில் நோஞ்சான்கள்தான் மிஞ்சியிருந்தன. கடைசியில் பரமத்தி வேலூருக்கே போன் போட்டார். கவுண்டர் விஷயத்தை முழுசாகக் கேட்டார்.

“வேரோடவா அரச்சீங்க பாய்?”

“இலையிலயே அவ்வளவு சத்துன்னா...”

“செரி, உடுங்க. எம்பட பட்டியில ஒரு கிடா நிக்குது. வெத்தல லோடு சேலத்துக்கு வாரப்ப ஏத்திட்டு வாரேன். உங்களுத எனக்குக் குடுத்துருங்க. எனக்குக் காது எதுக்குங்க?”

அப்படியே வந்தார். வெற்றிலைக் கட்டுகளை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, அதே வண்டியில் ஒரு செம்மறைக் கிடாயோடு எங்கள் தெருவுக்குள் நுழைந்தார். பழுப்பும் வெள்ளையுமாக, காது, கொம்பு, தோல் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. தெருவே கருப்புக் கிடாயை வழியனுப்ப வந்திருந்தது. பரீட்சைப் பெண்ணின் அம்மா வந்திருந்தார். பெண் பாஸாகிவிட்டாளாம். டீக்கடைக்காரர் பன் கொண்டுவந்து ஊட்டினார். கவுண்டர் இதையெல்லாம் வண்டியில் சாய்ந்து நின்று பார்த்தார்.

“என்னங்க பாய், பொண்ணக் கட்டிக்குடுத்து அனுப்பற மாதர இருக்குது?”

“நீங்க நல்லபடியா பாத்துக்குங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

கவுண்டர் சட்டையை என்ன செய்வது என்று கேட்டார். அது கிடாயோடயே போகட்டும் என்று இவர் சொன்னார். நீலத் தார்ப்பாய்ச் சட்டையோடு கிடா வண்டியில் ஏறி நின்றது. பூனைகள் கொஞ்ச தூரம் பின்னாலேயே போய், மீன்காரம்மா எதிரே வரவும் நின்றுவிட்டன.

பெருநாள் வழக்கம் போல நடந்தது. தொழுதுவிட்டு வந்து, கவுண்டர் வீட்டுக் கிடாயைக் குர்பானி கொடுத்து, கறியை மூன்று பங்காகப் பிரித்து, ஏழைகளுக்கும் உறவுக்காரர்களுக்கும் கொடுத்தோம். மீதியில் பிரியாணி செய்து தெருவில் எல்லா வீட்டுக்கும் அனுப்பினேன். டிரைவர்கள் மறுபடி அளவை இரண்டு இடத்தில் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அவரும் மறுபடி நிறையப் பேச ஆரம்பித்திருந்தார். ஆட்டுக்கல்லை நான் நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அதன் பிறகும் ஒரு வாரம் அந்தக் கிழட்டுக் கடுவன் அதன் மேல்தான் தூங்கியது.

ரயில்வே அக்காவுக்கு மட்டும் வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட்டேன். உட்கார்ந்தார். முதல் கவளத்தைக் கையில் எடுத்தவர், வாயில் வைக்காமல் நிறுத்தினார்.

“இது அந்தக் கிடா இல்லையே, கண்ணு?”

“இல்லைங்கக்கா. அது பரமத்தி வேலூர்ல நல்லா இருக்குது. காலையிலதான் போன் பண்ணாங்க.”

சாப்பிட்டார். எலும்பைக் கடித்து உறிஞ்சினார். இரண்டாவது முறை சோறு வாங்கினார். தண்ணீர் குடித்துவிட்டு இலையைப் பார்த்தார்.

“அந்தக் கிடாவா இருந்தா இன்னும் ருசியா இருந்திருக்கும்” என்றார்.

நான் இன்னொரு கரண்டி வைத்தேன்.